வலையில் கிழிசல் தேடிய தேசப்பன்

பழவேற்காட்டிலிருந்து ஒரு கார்டு வந்தது. விடுமுறைக்கு ஊர் வந்திருந்த நண்பர் தேசப்பன் மஞ்சள் காமாலையில் காலமாகிவிட்டாராம். கார்டு என் கைக்கு வரும் முன்பே எல்லாம் முடிந்திருந்தது. எனக்கு அழக்கூடத் தெம்பில்லை.

மீனவர் வீட்டில் பிறந்து இயற்பியல் படித்தவர் அவர். எண்பதுகளின் தொடக்கத்தில் நானும் அவரும் வெளிநாட்டு ஆய்வுக்கூடம் ஒன்றில் சேர்ந்து வேலை பார்த்தோம். அங்கே எலெக்ட்ரானையும் அதன் எதிர்த்துகளான பாசிட்ரானையும் எதிரெதிரே ஓடவிட்டு மோத வைப்பார்கள். கருவியில் ஒரே ஒரு ஒளித்துகள் மட்டும் பட்டு, மிச்ச ஆற்றல் காணாமல் போனால், கண்ணுக்குப் படாத ஏதோ அதைக் கொண்டுபோயிருக்க வேண்டும். அண்டமெங்கும் இருப்பதாகச் சொல்லப்படும் இருண்ட பொருளின் துகளாகவும் அது இருக்கலாம். அதைத்தான் தேடினோம். திரையைப் பார்த்துப் பார்த்துக் கண் பூத்துப்போனதுதான் மிச்சம்.

ஒரு வாரம், எதிர்பார்த்ததைவிட அதிகமாக அப்படிப்பட்ட மோதல்கள் வந்தன. நான் அன்றே கட்டுரை எழுத உட்கார்ந்துவிட்டேன். அது அச்சேறினால் இருவருக்கும் வேலை நிரந்தரமாகிவிடும். தேசப்பன் என் பேனாவைப் பிடுங்காத குறை.

“இருங்க சார். வலை கிழிஞ்சிருந்தாலும் மீன் காணாமத்தான் பூடும். எங்க நைனா வலையை மணல்ல விரிச்சி, ஒவ்வொரு கண்ணியா தடவிப் பாத்துட்டுத்தான் மீன் இல்லன்னே சொல்லுவாரு” என்றார்.

நாலு மாதம் தடவினார். கருவியின் இரண்டு பாகங்கள் சேரும் இடத்தில் விரல்கூட நுழையாத இடுக்கு ஒன்று இருந்தது. எலெக்ட்ரான்கள் அதன் வழியே நழுவியிருக்கின்றன; அவை கொண்டுபோன ஆற்றலைத்தான் காணாமல் போனதாக எண்ணியிருக்கிறோம். எங்கள் கண்டுபிடிப்பு புஸ்ஸென்று போயிற்று. ஒரு மாதம் நான் அவரிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. இன்று நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. அவரோ இடுக்கை அடைத்துவிட்டு மறுபடி தேடி, எங்கள் கருவிக்கு எட்டிய அளவு வரைக்கும் அப்படி எதுவும் இல்லை என்று எழுதிக் கையெழுத்திட்டார். நான் அலுத்துப்போய்ச் சென்னைக்குத் திரும்பினேன். அவர் அங்கேயே தேடிக்கொண்டிருந்தார்.

கார்டு வந்த மறுநாள் பஸ் ஏறிப் போனேன். அவருடைய தந்தை வாசலில் உட்கார்ந்திருந்தார்.

“எம்புள்ள இத்தினி வருசம் தேடுச்சே, அது கெடச்சுதா சார்?”

கிடைத்தது என்று சொல்லிவிட நாக்கு துடித்தது. தேசப்பனை நினைத்து அடக்கிக்கொண்டேன்.

“இல்லீங்க.”

“வலையில கிழிசல் ஏதாச்சும்?”

“இருந்துச்சு. அவரே கண்டுபிடிச்சு அடைச்சார். அப்புறந்தான் இல்லைன்னு சொன்னார்.”

“அப்போ சரி” என்றார் பெரியவர். அதற்குப் பிறகுதான் அழுதார்.

தேசப்பன், அந்த ஒரு மாதத்துக்காக என்னை மன்னியுங்கள். நீங்கள் தடவிப் பார்த்த இடத்தில் இனி யாரும் வலை போட வேண்டியதில்லை. போய் வாருங்கள்.