முகைதீன்பாவாவின் சாறன்

முகைதீன்பாவா இடுப்பில் கட்டிய சாறனைத் தளர்த்தி, இன்னும் இரண்டு விரல் இறக்கி உடுக்கிறார். ஏறாவூரில் உள்ள அவருடைய புடவைக் கடையில் நாளுக்குப் பத்துத் தடவையாவது இது நடக்கும். பள்ளிவாசலில் யாராவது கணுக்காலைக் காட்டி, "கரண்டைக்கு மேல உடுங்க காக்கா" என்றால், "ஓம் தம்பி, நாளைக்கி" என்பார். அந்த நாளை இருபது வருடமாக வரவில்லை.

சாறனுக்குள் இருப்பவை வளைந்த கால்கள். கேட்டால் கதை தயார். "பத்து வயசில வாப்பாட பெரிய சைக்கிள்ள நெல்லு மூட்டை ஏத்தி மிதிச்சன். கால் வளையாம என்ன செய்யும்?" சொல்லிச் சொல்லி அவரே நம்பிவிட்டார்.

மகள் சப்னா எந்தச் சைக்கிளும் மிதிக்கவில்லை. நடக்கத் தொடங்கியதுமே அவளுக்கும் கால் வளைந்தது. இங்கே குடி என்னும் வம்சம் தாய்வழியில் வருவது. பழியும் அதே வழியில் மனைவி றஸீனாவின் தலையில் விழுந்தது. "வயித்தில புள்ளய வெச்சிக்கிட்டுப் பால் குடிக்கல்ல. அவட குடியிலயும் என்னமோ இரிக்கி" என்று முகைதீன்பாவாவின் மூத்த சகோதரியான ராத்தா ஐந்து வருடமாகச் சொல்லிவருகிறார். கல்சியம் குளிசை போத்தல் போத்தலாக முடிந்தது, கால் நிமிரவில்லை. பாவம் றஸீனா, பதில் பேசுவதையே விட்டுவிட்டாள். முகைதீன்பாவாவும் வாய் திறக்கவில்லை. அதைத்தான் றஸீனாவால் மன்னிக்க முடியவில்லை.

பரம்பரை எலும்பு நோய்களை ஆராயும் குழுவொன்று போன மாதம் மூவரிடமும் இரத்தம் எடுத்தது. அந்தக் குழுவின் டொக்டர் றெபேக்கா குடும்ப விபரம் கேட்டபோது, எல்லோரும் றஸீனாவின் தாய், தாயின் தாய் என்றே அடுக்கினார்கள். தகப்பன் பக்கம் வெறும் தாளாகக் கிடந்தது.

இன்று முடிவு வந்தது. டொக்டர் முகைதீன்பாவாவைத் தனியே இருத்திச் சொன்னார். எலும்புக்கு வேண்டிய பாஸ்பரஸ் உப்பு சிறுநீரோடு போய்விடுகிறது. மகளுக்கு அந்த மரபணுக் கோளாறு அவரிடமிருந்துதான் வந்திருக்கிறது. கல்சியம் மட்டும் போதாது. சரியான மருந்தை இப்போதே தொடங்கினால் கால் நிமிர வாய்ப்பு உண்டு.

"உங்கட மனிசிக்கு நான் சொல்லவா, நீங்களே சொல்றீங்களா?"

"நானே சொல்றன் டொக்டர்."

சொன்ன வாய்தான், வீடு வருமுன் மூன்று தேநீர்க் கடைகளில் ஒதுங்கியது.

வீட்டில் ராத்தா இருந்தார், அதே பழைய பாட்டோடு. றஸீனா தலை குனிந்து மகளின் காலுக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தாள். முகைதீன்பாவா சைக்கிள் கதைக்கு வாயெடுத்தார், பாதியில் விட்டார். பாயில் மகளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"ராத்தா, இது றஸீனாட குடி இல்ல. இஞ்ச பாருங்க" என்றபடி சாறனை முழங்கால்வரை சுருட்டி, தன் காலை மகளின் காலோடு ஒட்டி வைத்தார்.