மெல்லாத மாத்திரை

காலை ஐந்து நாற்பது. கண் விழித்ததும் பஸ் ஜன்னலில் வத்தல்மலை தெரிந்தது. அடிவாரம் தெரியவில்லை. வயல்களைப் பனி மூடியிருந்ததால் மலை எதன் மேலும் உட்காராமல் அந்தரத்தில் நின்றது. பக்கத்தில் அண்ணன் தூங்கிக்கொண்டிருந்தார். மடியில் டிபன் கேரியர்.

அண்ணனுக்கு இரண்டு சிறுநீரகங்களும் செயலிழந்து நான்கு வருடமாகிறது. வாரம் மூன்று நாள் தருமபுரியில் டயாலிசிஸ். அன்று போனது அதற்கல்ல. நாள்பட்ட சிறுநீரக நோயும் குடல் நோயும் எலும்பை எப்படிக் கரைக்கின்றன என்று ஒரு மருத்துவக் குழு ஆய்வு செய்துவந்தது. அதில் அண்ணனும் சேர்ந்திருந்தார்; அன்று அதற்கான பரிசோதனை.

கெட்டுப்போன சிறுநீரகம் பாஸ்பரஸை வெளியேற்றாது. அது ரத்தத்தில் சேரச் சேர, கழுத்திலுள்ள சிறு சுரப்பிகள் எலும்பிலிருந்து சுண்ணாம்புச் சத்தை உருவிக்கொண்டே இருக்கும். சாப்பாட்டிலுள்ள பாஸ்பரஸைக் குடலிலேயே பிடித்துவைக்க ஒரு பெரிய வெள்ளை மாத்திரை கொடுத்திருந்தார்கள். மூன்று மாதமாகியும் அளவு இறங்கவில்லை. இனியும் இறங்காவிட்டால் கழுத்தைத் திறந்து சுரப்பியை எடுக்க வேண்டும் என்றார் டாக்டர். டயாலிசிஸ் ஊசிக்கு முகம் சுளிக்காத அண்ணன், அன்றிலிருந்து வெயிலிலும் கழுத்தில் துண்டைச் சுற்றிக்கொண்டு திரிந்தார்.

எலும்பு அடர்த்தி பார்க்கும் அறை குளிராக இருந்தது. இயந்திரத்தின் கை அண்ணன் மேல் ஓசையில்லாமல் ஊர்ந்தது. திரையில் அவருடைய இடுப்பும் தொடையும் ஒவ்வொரு வரியாக எழுந்து வந்தன, ஏரித் தண்ணீருக்கடியில் கிடக்கும் கிளைகளைப் போல. அவர் மறுபடியும் தூங்கிப்போயிருந்தார். திரையில் இருந்தவர் தூங்குகிறாரா விழித்திருக்கிறாரா என்று சொல்ல முடியாது. எவ்வளவு நேரம் அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன் என்று தெரியவில்லை. வெளியே வந்தபோது மணி பன்னிரண்டரை.

ஆய்வைக் கவனிக்கும் நர்ஸ் மர நிழலில் எங்களோடு வந்து உட்கார்ந்தார். மாத்திரை நோட்டு என் பொறுப்பு. பத்திரிகையில் இருபத்தாறு வருடம் வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பியவன். அண்ணன் வீட்டுக்கு அடுத்த வீடு. வேளை தவறாமல் அவர் பக்கத்தில் உட்கார்ந்து மணியைக் குறித்துவந்தேன்.

"நோட்டு சுத்தமா இருக்குதுங்க. ஒரு வேள கூட விடல. நம்பர்தான் எறங்க மாட்டேங்குது" என்றார் நர்ஸ்.

அண்ணன் கேரியரைத் திறந்தார். அனுமதிக்கப்பட்ட ஒரு உருண்டை ராகிக் களி. ஒரு துண்டைக் கிள்ளி, நடுவில் குழி பண்ணி, மாத்திரையை வைத்து மூடி, குழம்பில் புரட்டி வாயில் போட்டார். தொண்டை ஒரு முறை ஏறி இறங்கியது.

"மெல்லலீங்களா?"

"களியப் போயி யாருங்க மெல்லுவாங்க?" அண்ணன் சிரித்தார். "பல்லுல பட்டா அதுக்குப் பேரு களியே இல்லீங்க."

"களியக் கேக்கலீங்க. மாத்திரைய."

"அதுவுந்தான். சுண்ணாம்பு மாதிரி இருக்குதுங்க. வூட்ல அவதான் இந்த ரோசன சொன்னா."

"மாட்டுக்கு மருந்து வெக்கற மாதிரியில்ல வெச்சிருக்கீங்க! மென்னு பொடியானாத்தாங்க அது சோத்தோட கலக்கும். முழுசா உள்ள போனா முழுசாவே வெளிய போயிரும்."

அண்ணன் என் பக்கம் திரும்பினார். "பேப்பர்காரன் மூணு மாசமா பக்கத்துலயே உக்காந்து பாத்துட்டிருந்தானுங்க. கேளுங்க அவன."

நான் நோட்டைப் பார்த்தேன். தேதி, மணி, 'சாப்பாட்டுடன்' எல்லாம் இருந்தது. அவர் விழுங்கினார் என்பதை ஒவ்வொரு வேளையும் பார்த்திருக்கிறேன். களியை நானும் அப்படித்தான் தின்கிறேன். அதில் பார்ப்பதற்கு ஒன்றும் இருப்பதாகத் தோன்றியதே இல்லை.

டாக்டர் இன்னும் ஒரு மாதம் கொடுத்தார்.

அந்த மாதம் முழுக்க அண்ணன் மாத்திரையைத் தனியாக மென்றார். கண்ணை மூடிக்கொண்டு மெதுவாக, எங்கோ தொலைவில் எதையோ கேட்பவரைப் போல. உதட்டோரம் வெள்ளைப் பொடி ஒட்டியிருக்கும். அண்ணி எதிரில் உட்கார்ந்து, தானும் எதையோ மெல்வதுபோல் வாயை அசைத்துக்கொண்டிருப்பார். காற்றில் சோளத்தட்டு உரசும் சத்தம் மட்டும் வந்துகொண்டிருக்கும்.

ஏழரையாக இருந்த பாஸ்பரஸ் அளவு அடுத்த பரிசோதனையில் ஐந்தேமுக்காலாக இருந்தது. அறுவை சிகிச்சைக்கான கடிதத்தை டாக்டர் எழுதவில்லை.