கண்ணை மூடாத பயிற்சி

பனிச்சங்கேணிப் பாலத்தை பஸ் கடக்கும்போது வாவியில் காற்றே இல்லை. நீரும் வானமும் ஒரே சாம்பல் வெள்ளையில் கிடந்தன. தொலைவில் ஒரு தோணி அந்தரத்தில் நிற்பதுபோல நின்றது. அதிலிருந்தவர் வலையை எறிந்தது தெரிந்தது, சத்தம் வரவில்லை. விழித்தபடியே தூங்குவதுபோல இருந்தது எனக்கு.

மடியில் ஒரு வழிகாட்டி நூல் வைத்திருந்தேன். மனம் அடிபட்ட பிள்ளைகளை வகுப்பறையில் எப்படித் தாங்குவது என்று ஆசிரியர்களுக்கு இரண்டு நாள் பயிற்சி கொடுக்கப் போய்க்கொண்டிருந்தேன். பல வருடம் பட்டணத்துப் பள்ளியில் விஞ்ஞானம் படிப்பித்துவிட்டு, இந்த வேலைக்கு வந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை.

கடலோரப் பள்ளிகளிலிருந்து இருபது பேரளவில் வந்திருந்தார்கள். மண்டபத்தின் ஒருபக்கச் சன்னல்கள் வாவியைப் பார்த்திருந்தன. அலையில் பட்டுத் தெறித்த வெயில் கூரையின் உட்புறத்தில் ஆடிக்கொண்டிருந்தது. முதல் பயிற்சி மனதை அமைதிப்படுத்துவது. நூலில் இருந்தபடியே மெல்லிய குரலில் சொன்னேன். கண்களை மூடுங்கள். ஒரு கடற்கரையில் நிற்கிறீர்கள். அலை வந்து உங்கள் காலைத் தொடுகிறது.

நானும் கண்ணை மூடியிருந்தேன். திறந்து பார்த்தபோது, மண்டபத்தில் ஒருவர்கூடக் கண்ணை மூடியிருக்கவில்லை. இருபது பேரும் என்னை மரியாதையோடு பார்த்துக்கொண்டிருந்தார்கள். கதவருகே இருந்த கணித ஆசிரியை மட்டும் எழுந்து வெளியே போனா.

ஓட்டமாவடியிலிருந்து வந்த ஆசிரியர் ஒருவர்தான் மெதுவாகச் சொன்னார். "மிஸ், இஞ்ச ஆரும் கடல நினைச்சுக் கண்ண மூடுறதில்ல."

சுனாமியில் கடல் ஊருக்குள் வந்த அன்று நான் மலைநாட்டில், ஆசிரியர் கலாசாலை விடுதியில் இருந்தேன். செய்தியை வானொலியில் கேட்டவள் நான். அவர்கள் அப்படி இல்லை. இது எனக்குத் தெரியாத விசயம் அல்ல. தெரிந்தும் நூலைப் பார்த்து வாசித்திருக்கிறேன். தேநீர் குடிக்கச் சொல்லிவிட்டு வெளியே போனேன்.

அந்தக் கணித ஆசிரியை குழாயடியில் முகம் கழுவிக்கொண்டிருந்தா. என்னைவிட நான்கைந்து வயது குறைவாக இருக்கும்.

"மன்னிச்சுக்கங்க மிஸ்" என்றேன்.

"அதுக்கு ஒண்ணுமில்ல. எனக்கு அப்ப பதினாலு வயசு. தங்கச்சிட கைய விட்டுட்டன்." சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தா. வாவிக்கரைக் கண்டல் மரங்களுக்குள் கொக்குகள் அசையாமல் நின்றன. நாங்கள் இரண்டு பேரும் அவற்றைப் பார்த்துக்கொண்டு நின்றோம்.

பிறகு அவவாகவே சொன்னா. "என்ட வகுப்பில ஒரு புள்ள இரிக்கிறா. ஆறாம் ஆண்டு. போன மாரியில தகப்பன் கடல்தொழிலுக்குப் போய்த் திரும்பி வரல்ல. காத்துச் சத்தம் கேட்டா புத்தகமெல்லாம் அடுக்கி பேக்குக்குள்ள வச்சிருவா. ஓடுறதுக்கு."

"நீங்க என்ன செய்தீங்க?"

"கதவடியில மேசையப் போட்டுக் குடுத்தன். 'நீ எப்பயும் வெளிய போகலாம், போகக்குள்ள எனக்கிட்டச் சொல்லிப்போட்டுப் போ' எண்டன். முதல் கிழமை ஒரு நாளைக்கு நாலு தரம் போனா. இப்ப அப்படிப் போறதில்ல."

"இத உங்களுக்கு ஆர் சொல்லித் தந்த?"

"ஒருத்தரும் இல்ல. நானும் எங்க போனாலும் கதவடியிலதான் இருக்கிற, மிஸ்."

அடுத்த நாள் நூலைப் பையிலிருந்து எடுக்கவில்லை. அவவை வந்து பேசச் சொன்னேன். "கதைக்க எனக்கு வராது, கணக்குத்தான் வரும்" என்றுவிட்டு, கரும்பலகையில் தன் வகுப்பறையை வரைந்தா. கதவு, சன்னல், காற்று வரும் பக்கம், அந்தப் பிள்ளையின் மேசை. அளவெல்லாம் சரியாக இருந்தது. பிறகு ஒவ்வொருவராக எழுந்து தங்கள் வகுப்பறையை வரைந்தார்கள். ஓட்டமாவடி சேர் வரைந்துகொண்டிருந்தவர் பாதியில் நின்றார். அவருடைய வகுப்பில் ஒரு பிள்ளை, தாய் இறந்த பிறகு, சத்தம் கேட்டாலே காதைப் பொத்திக்கொண்டு அழுமாம்.

"அந்தப் புள்ளய பள்ளிக்கூட மணிக்குப் பக்கத்திலதான் இருத்தி வச்சிருக்கன்" என்றார். சோக்கட்டி கையிலேயே இருந்தது. தேநீர் ஆறிப்போனதை அன்று ஒருவரும் கவனிக்கவில்லை.

கடற்கரைப் பக்கத்தை நூலிலிருந்து எடுக்கும்படி மேலிடத்துக்கு எழுதினேன். கடலுக்குப் பதிலாக ஆற்றைப் போடலாமா என்று பதில் வந்தது. கண்ணைத் திறந்தபடியே செய்யக்கூடிய ஒன்றைப் போடுவோம் என்று திரும்ப எழுதினேன். இரண்டு மாதம் இழுத்து, ஒத்துக்கொண்டார்கள்.

மாரி தொடங்கியபின் அந்தக் கணித ஆசிரியையின் பள்ளிக்குப் போனேன். காலையிலிருந்தே மழை. வகுப்பறைக்குள் பகல் மங்கி, பிள்ளைகளின் வெள்ளைச் சட்டைகள் மட்டும் தனியாக மிதப்பதுபோலத் தெரிந்தன. காற்று எழுந்ததும் கதவடி மேசையிலிருந்த சிறுமி எழுந்தாள்.

"போய்ட்டு வாறன் மிஸ்."

"ஓம் மகள், போய்ட்டு வாங்க."

அவள் விறாந்தையில் போய் சுவரோடு சாய்ந்து உட்கார்ந்தாள். பாடம் முடியும்வரை உள்ளே வரவில்லை. ஆசிரியை கூப்பிடவும் இல்லை. அவளுடைய கூட்டாளி ஒருத்தியை அருகில் போய் இருக்கச் சொன்னா. பிறகு பின்னங்களைக் கூட்டுவது எப்படி என்று, மழைச் சத்தத்தைத் தாண்டி விறாந்தைவரை கேட்கும்படி குரலை உயர்த்திப் படிப்பித்தா. நான் கடைசி வரிசை வாங்கில் அமர்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். வெளியே அந்தச் சிறுமி முழங்காலில் கொப்பியை வைத்து, சாரல் படாமல் ஒரு கையால் மறைத்துக்கொண்டு, கணக்கை எழுதிக்கொண்டிருந்தாள்.