ஒரு கண்ணுக்கு மட்டும் ஏழுமலை

பரணிலிருந்து இறக்கிய ஸ்லைடு பெட்டியைத் திறந்ததும் குமட்டிக்கொண்டு வந்தது. பழைய ஃபிலிம் கெட்டால் புளித்த காடி நாற்றம் அடிக்கும். எங்கள் ஊரப்பாக்கம் ஃபிளாட்டின் ஜன்னல்களையெல்லாம் திறந்துவிட்டேன். "இன்னாங்க, ஊறுகா ஜாடி ஒடஞ்சிபோச்சா?" என்றாள் மனைவி. ஊறுகாய் என்றால் கழுவிவிடலாம்.

என் பழைய கேமராவைப் பற்றி உங்களிடம் பீற்றிக்கொண்டதுண்டா? அதற்கு இரண்டு லென்ஸ். ஒரே சொடுக்கில் இடக்கண்ணுக்கு ஒன்று, வலக்கண்ணுக்கு ஒன்று என்று இரண்டு படம் விழும். இரண்டையும் பிளேடால் ஓரம் நறுக்கி, ஒரே அட்டையில் அருகருகே ஒட்டி, பார்க்கும் பெட்டிக்குள் செருகி இரண்டு கண்ணாலும் பார்த்தால் ஆள் நிஜம்போல எழுந்து நிற்பார். கேமராவுக்கு இரண்டு கண். அதை வைத்திருந்தவனைப் பற்றிச் சொல்லத்தான் கூசுகிறது.

மாமல்லபுரத்தில் ஒரு ஹோட்டல் வாசலுக்குக் கல் யானை செய்தவர் ஏழுமலை. அவருடைய அப்பாவும் அம்மாவும் செய்யூரில் அடுத்தவர் நிலத்தில் நாற்று நட்டவர்கள். ஹோட்டலுக்காக நான் யானையைப் படமெடுக்கப் போன அன்று கல்தூசியைக் கழுவிவிட்டு, வெள்ளைச் சட்டை மாட்டிக்கொண்டு வந்தார்.

"அண்ணாத்த, ஓரமா நானும் நின்னுக்கிறேன். அப்பன்தான் செஞ்சான்னு சொன்னா எம் பொண்ணு நம்ப மாட்டேங்குது."

படத்தின் ஓரத்தில், தும்பிக்கைக்கு முன்னால் நிற்கவைத்தேன். விறைப்பாக நின்றார்.

"கெஸ்ட்டுங்க பாக்கறது இது. இந்தாளு எதுக்கு? வெட்டிடு" என்றார், கழுவி வந்த படத்தைப் பார்த்த ஹோட்டல் மேனேஜர். "சரிங்க சார்" என்றேன். எவ்வளவு சுலபமாக வந்தது வாயில்!

வலக்கண் படத்தில் தும்பிக்கையை விட்டுச் சற்று விலகித் தெரிந்த ஏழுமலையை நறுக்கிவிட்டு, அந்த இடத்தில் கறுப்பு டேப் ஒட்டினேன். நறுக்கிய துண்டு வியர்த்த முழங்கையில் ஒட்டிக்கொண்டது. ஈயைப் போலத் தட்டிவிட்டேன். இடக்கண் படத்தில் அவர் தும்பிக்கையை மறைத்து நின்றார். வெட்டினால் தும்பிக்கையும் போய்விடும் என்று விட்டுவிட்டேன். மேனேஜர் எப்போதும் இடக்கண்ணை இறுக்கி மூடிக்கொண்டுதான் பார்ப்பார். பார்த்துவிட்டு "சூப்பர்பா" என்றார்.

மறுவாரம் நான் அங்கே இருந்த நேரமாக ஏழுமலை மகளைக் கூட்டிக்கொண்டு வரவேற்பறைக்கு வந்துவிட்டார். அங்கே வைத்திருந்த பெட்டிக்குள் அந்தப் பெண் இரண்டு கண்ணையும் விரித்துப் பார்த்தது.

"யப்பா, யானை நல்லா கீது. நீதான் ஆடிகினே கீற. கீறியா, இல்லியா?"

அவர் வாங்கி, கண்ணை மாற்றி மாற்றி மூடிப் பார்த்தார். என்னை நாலு வார்த்தை ஏசியிருக்கலாம். "ஒரு கண்ணுல கீறேன். அது போதும், வா" என்று மகள் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தார். "மிஷின் கோளாறு" என்றேன், அவர் முதுகைப் பார்த்து. சீ!

விருந்தாளிகள் கண் வலிக்கிறது என்றார்களாம். அட்டை என்னிடமே திரும்பி வந்தது. அந்த ஹோட்டலை இடித்து இப்போது ரிசார்ட் கட்டியிருக்கிறார்கள். யானைக்குத் தங்க பெயிண்ட் அப்பி, தும்பிக்கையில் வைஃபை பாஸ்வேர்டைத் தொங்கவிட்டிருக்கிறார்கள். செய்தது யார் என்று அங்கே ஒருவருக்கும் தெரியவில்லை.

மூக்கைப் பொத்திக்கொண்டு அட்டையைச் செருகினேன். வலக்கண்ணை மூடினேன். ஃபிலிம் ஓரத்திலிருந்துதான் உரிய ஆரம்பித்திருந்தது. ஏழுமலையை நான் நிற்கவைத்ததும் ஓரத்தில்தான்.

யானை அப்படியே இருக்கிறது.