செல்வத்தின் போனில் நான் அணைத்த பொத்தான்

போன வியாழக்கிழமை காலை பதினோரு மணி இருக்கும். கீழ் போர்ஷன் கலா மூச்சு வாங்க மாடியேறி வந்தாள். கையெல்லாம் இட்லி மாவு.

"அக்கா, அவருக்கு போன் போவவே மாட்டேங்குது. உங்க போன்லேந்து ஒரு தபா போட்டுப் பாருங்களேன்."

போட்டேன். 'நீங்கள் தொடர்பு கொள்ளும் வாடிக்கையாளர் தற்போது தொடர்பு எல்லைக்கு வெளியே உள்ளார்' என்று, எத்தனை முறை கேட்டாலும் சலிக்காத அந்தப் பெண் குரல் சொன்னது. மறுபடி போட்டேன். மறுபடியும் அதே.

"எங்கேயாவது படுத்துத் தூங்கிட்டிருப்பார் கலா. இதுக்கு ஏன் இப்படி ஓடி வர்றே?"

"இல்லக்கா. ஷாகிராக்கா போன் பண்ணிக்கினே கீறாங்க. செங்கல்பட்டு ஆஸ்பத்திரில ஒரு பொண்ணுக்கு கொயந்த பொறந்து ரத்தம் நிக்கலியாம். அவுரு குரூப்புதான் ஓணுமாம்."

உட்கார்ந்திருந்த நான் எழுந்துவிட்டேன்.

இந்த இடத்தில் ஆட்களை அறிமுகப்படுத்திவிடுகிறேன். கலாவின் கணவர் செல்வம், சிறுசேரி ஐ.டி. கம்பெனிகளுக்கு ஸ்டாஃப் வேன் ஓட்டுகிறவர். அப்பா காலம் வரைக்கும் நெல் விளைத்த குடும்பம், இப்போது ஸ்டீயரிங். ரத்தம் ஓ நெகட்டிவ். லேசில் கிடைக்காத வகை. ஷாகிரா, மாமல்லபுரம் கடைத்தெருவில் பிளவுஸ் பிட், லைனிங் துணி விற்கிறவர். அந்தக் கடையின் கல்லாவுக்குப் பக்கத்தில் ஒரு நீள நோட்டு இருக்கும். ரத்தம் கொடுக்கத் தயாராக இருக்கிறவர்களின் பெயர், குரூப், போன் நம்பர், கடைசியாக எப்போது கொடுத்தார் எல்லாம் அதில் உண்டு. ஓ நெகட்டிவ் பக்கத்தில் முதல் பெயர் செல்வம். ஏன் முதல் பெயர்? எத்தனை மணிக்குக் கூப்பிட்டாலும் இரண்டாவது ரிங்கில் எடுப்பார். வேனை ஓரம் கட்டிவிட்டு, "எங்க வர்ணும்?" என்று மட்டும் கேட்பார். வேறு கேள்வி கிடையாது.

குடிக்காதவர், வெற்றிலை போடாதவர். பெருமையடிக்கவும் தெரியாதவர். அவருக்கு இருந்த ஒரே பெருமை இது ஒன்றுதான். 'ஷாகிராக்கா கூப்ட்டு நா எட்க்காத நாளே கெடையாது.'

அந்த நாள் போன வியாழக்கிழமை வந்தது. கொண்டுவந்தது யார் தெரியுமா? உங்கள் அபிமானத்துக்குரிய... நான்.

*

இரண்டு வாரம் பின்னால் போக வேண்டும். ஞாயிற்றுக்கிழமை. செல்வம் வாசலில் வேனைக் கழுவிக்கொண்டே போனைத் திட்டிக்கொண்டிருந்தார்.

"இன்னாத்துக்கு மாசாமாசம் ரீசார்ஜு? வூட்டுக்குள்ள நின்னா சிக்னலு ஒரு புள்ளி. வாசல்ல வந்தா ரெண்டு புள்ளி. பேசிக்கினே இருக்கும்போது கட்டாயிப் போவுது. பேஜாரு!"

எனக்கு ஒரு வியாதி உண்டு. பழைய வாசகர்களுக்குத் தெரியும். யார் போனாவது மக்கர் பண்ணுகிறது என்று காதில் விழுந்தால் என் கை சும்மா இருக்காது. எங்கள் தெருவில் பாதிப் பேருக்கு ரிங்டோன் மாற்றியது, எழுத்தைப் பெரிதாக்கியது எல்லாம் அடியேன்தான். சம்பளம் கிடையாது. 'அக்காவுக்குத் தெரியாதது இல்ல' என்று யாராவது சொன்னால் போதும், அன்றைக்குச் சாப்பாடே வேண்டாம்.

"இங்கே கொடுங்க" என்றேன்.

செட்டிங்ஸ். அதற்குள் மொபைல் நெட்வொர்க். அதற்குள் 'நெட்வொர்க்கைத் தானாகத் தேர்ந்தெடு' என்று ஒரு பொத்தான். நம் எல்லார் போனிலும் இருக்கிறது, நாம்தான் கண்டுகொள்வதில்லை. அதை அணைத்தால் போன் ஓரிரு நிமிடம் யோசித்துவிட்டு, அக்கம்பக்கத்தில் யார் யார் டவர் இருக்கிறது என்று ஒரு பட்டியல் போடும். அடுத்த கம்பெனியைத் தொட்டால் உள்ளே விடாது. நம் சிம் எந்தக் கம்பெனியோ அதைத்தான் தொட வேண்டும்.

செல்வத்தின் போனில் ஒரு வேடிக்கை. அவர் சிம் கம்பெனியின் பெயரே இரண்டு முறை வந்தது. ஒரே பெயர், இரண்டு வரி. முதலாவதைத் தொட்டேன், ஒரு புள்ளி. இரண்டாவதைத் தொட்டேன்... புள்ளிகள் கிடுகிடுவென்று உச்சிக்கு ஏறின. வீட்டுக்குள் போய்ப் பேசச் சொன்னேன். சமையலறையில் நின்று பேசினார், குளியலறை வாசலில் நின்று பேசினார். கட்டாகவே இல்லை.

"இன்னாக்கா நீங்க! கம்பெனிக்காரனுக்கே தெர்ல, நீங்க கண்டுபுட்ச்சிட்டீங்க."

அன்று இரவு எனக்கு நல்ல தூக்கம்.

*

அந்தப் போன் அடுத்த பத்து நாளும் ராஜாவாக இருந்தது. மாமல்லபுரம், நெம்மேலி, கேளம்பாக்கம், சிறுசேரி என்று வேன் போன இடமெல்லாம் முழு சிக்னல். வியாழக்கிழமை அவருக்கு வேறு சவாரி. ஒரு குடும்பத்தைச் செங்கல்பட்டு ஜங்ஷனில் மதுரை ரயிலுக்கு இறக்கிவிட்டு, மதியம் இன்னொரு ரயிலில் வருகிறவர்களை ஏற்றிக்கொண்டு திரும்ப வேண்டும். நடுவில் நான்கு மணி நேரம். ஸ்டேஷன் பக்கத்தில் நிழல் பார்த்து வேனைப் போட்டுவிட்டு, சீட்டைச் சாய்த்துக்கொண்டார்.

அந்த ஆஸ்பத்திரி அங்கிருந்து நடக்கிற தூரம்.

யோசித்துப் பாருங்கள். ஒரு பெண் உயிருக்குப் போராடுகிறாள். அவளுக்கு வேண்டிய ரத்தம் நாலு தெரு தள்ளி, வேப்ப மரத்தடியில், ஆரோக்கியமாகக் குறட்டை விட்டுக்கொண்டிருக்கிறது. இங்கே மாமல்லபுரத்தில் ஷாகிரா, கலா, நான்... மூன்று பேரும் மாறி மாறி நம்பரை அழுத்திக்கொண்டிருக்கிறோம்.

நடுவில் செல்வம் ஒரு தடவை விழித்துப் போனைப் பார்த்திருக்கிறார். சிக்னல் இல்லை. ஆஃப் பண்ணி ஆன் பண்ணியிருக்கிறார். அப்போதும் இல்லை. டவர் ரிப்பேர் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டார். வேறு யாராக இருந்தாலும் அப்படித்தானே நினைப்பார்கள்?

ஷாகிரா ஒரு கணக்கு வைத்திருக்கிறார். மூன்று முறைக்கு மேல் ஒரே ஆளைக் கூப்பிட மாட்டார், அடுத்த பெயருக்குப் போய்விடுவார். அன்று செல்வத்துக்காக அந்தக் கணக்கை மீறிப் பதினொரு முறை கூப்பிட்டாராம். 'அவர் எடுத்துடுவார்' என்கிற நம்பிக்கை. அந்த நம்பிக்கையிலேயே அரை மணி நேரம் போய்விட்டது. பிறகுதான் அடுத்த பெயர். தாம்பரம் பக்கத்தில் ஒரு காலேஜ் மாணவி. எலெக்ட்ரிக் ரயிலில் நின்றுகொண்டே வந்து இறங்கி, ஓடிப் போய்க் கொடுத்திருக்கிறாள்.

பிழைத்துவிட்டார்கள். தாயும் பிள்ளையும் இரண்டு பேரும். சாயந்திரம் ஷாகிரா போனில் சொன்னபோது கலா அழுதாள். நானும்தான்.

*

அன்று மாலை வீட்டுக்கு வந்த செல்வத்திடம் கலா விஷயத்தைச் சொன்னாள். அப்படியே வாசல்படியில் உட்கார்ந்துவிட்டார்.

"அங்கியேதான கீறேன்... ஸ்டேஷனாண்டயேதான் இருந்தேன்..."

அதையே நாலைந்து தடவை சொன்னார். பிறகு போனை எடுத்துப் பார்த்தார். "இந்தா பாரு, இங்க வந்தா எல்லாப் புள்ளியும் கீது. அங்க போனா செத்துப் பூடுது. இன்னா எயவு போனுடா இது!"

இங்கே வந்தால் இருக்கிறது. அங்கே போனால் செத்துவிடுகிறது.

"கொடுங்க, பார்க்கிறேன்" என்று வாங்கினேன். செட்டிங்ஸ், மொபைல் நெட்வொர்க்... பத்து நாளைக்கு முன் நான் அணைத்த பொத்தான் அணைத்தபடியே இருந்தது. சத்தமில்லாமல் அதைப் போட்டுவிட்டுப் போனைத் திருப்பிக் கொடுத்தேன்.

"இன்னாக்கா ஆச்சி அதுக்கு?"

"தெரியலை. டவர் பிராப்ளமா இருக்கும்" என்றேன்.

ஆமாம். சொன்னேன். ஐம்பத்தொரு வயது, வாராவாரம் ஊருக்குப் புத்தி சொல்கிற பத்தி, எல்லாம் இருந்தும் அப்படித்தான் சொன்னேன்.

மறுநாள் வேறொரு சாக்குச் சொல்லி, பஸ் ஸ்டாண்ட் பக்கம் செல்போன் கடை வைத்திருக்கிற பையனிடம் விசாரித்தேன். அவன் சிரித்தான். "ஒரே கம்பெனிதான் மேடம். ஆனா சென்னை பக்கத்துக்கு ஒரு நெட்வொர்க், அதுக்கு வெளிய ஒரு நெட்வொர்க். நம்ம ஊரு பார்டர்ல கீது, அதான் ரெண்டும் காட்டும். நீங்க கையால ஒண்ணப் புடிச்சி வெச்சிட்டா, எல்லை தாண்டனதும் போன் அதையே தேடிக்கினு நிக்கும். ஆட்டோமேட்டிக்ல வுட்டா அதுவே மாறிக்கும்."

எல்லை தாண்டினதும் அதையே தேடிக்கொண்டு நிற்கும்!

நான் செய்தது இப்போது புரிகிறதா? என் வீட்டு வாசலில் நின்று, அந்த வாசலுக்கு எது நல்லது என்று பார்த்து ஒரு முடிவெடுத்தேன். அதை ஊரெல்லாம் சுற்றுகிற ஒரு டிரைவரின் தலையில் கட்டினேன். அவர் எங்கே போவார், அங்கே இது செல்லுமா என்று கேட்டேனா? கேட்கவில்லை. புள்ளி ஏறியது, பாராட்டு கிடைத்தது, நான் மாடியேறிவிட்டேன்.

தானாக நடக்கிற ஒன்றில் கை வைக்கலாம், தப்பில்லை. ஆனால் கை வைத்தவருக்கு அதன் பிறகு ஒரு வேலை இருக்கிறது. கூடவே இருந்து பார்த்துக்கொள்ளும் வேலை. பிள்ளைக்குக் கோர்ஸ் தேர்ந்தெடுத்துக் கொடுக்கிறோம், நண்பருக்கு டாக்டரை மாற்றிவிடுகிறோம், அண்ணன் மகளுக்கு மாப்பிள்ளை பார்த்துக் கொடுக்கிறோம். கொடுத்த அன்றைக்கு எல்லாப் புள்ளியும் இருக்கிறது. அப்புறம்? எல்லை தாண்டியதும் அவர்கள் என்ன ஆனார்கள் என்று எத்தனை பேர் போய்ப் பார்க்கிறோம்?

*

இதையெல்லாம் யோசித்து முடித்துவிட்டேன். சொல்ல மட்டும் வாய் வரவில்லை. பொத்தானைத்தான் போட்டாயிற்றே, இனிமேல் பிரச்சினை இல்லையே, எதற்குச் சொல்லிக் கெட்ட பெயர் வாங்குவது... மனசு நல்ல வக்கீல். எந்தக் கேஸையும் எடுத்துக்கொள்ளும்.

சனிக்கிழமை காலை கலா வந்து ஒரு வார்த்தை சொன்னாள். "ஷாகிராக்கா கடைக்குப் போயிருக்காரு. நோட்டுலேந்து பேர அடிச்சிட சொல்லப் போறாராம்."

செருப்பை மாட்டிக்கொண்டு ஓடினேன்.

கடையில் செல்வம் நின்றுகொண்டிருந்தார். கவுண்ட்டர் மேல் நோட்டு விரிந்து கிடந்தது. ஷாகிரா பேனாவை மூடிக் கையில் வைத்திருந்தார்.

"அடிச்சிடுக்கா. என்ன நம்பி அர மணி நேரம் வேஸ்ட்டு ஆச்சி. இன்னொரு தபா இப்டி ஆனா? அந்த உசுரு யார் கணக்குல?"

"உங்க மேல என்ன தப்பு செல்வம்? டவர் இல்லைன்னா நீங்க என்ன பண்ணுவீங்க?"

"டவர் இல்லாம இல்லை" என்றேன் நான். இரண்டு பேரும் திரும்பினார்கள்.

சொல்லிவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை அணைத்த பொத்தான், ஒரே பெயரில் இரண்டு வரி, செங்கல்பட்டில் அது ஏன் செத்தது, வியாழக்கிழமை மாலை சத்தமில்லாமல் நான் திருப்பிப் போட்டது... ஒன்றையும் விடவில்லை. லைனிங் துணி வாங்க வந்த ஒரு பெண்மணி துணியை மறந்துவிட்டு நின்று கேட்டார்.

செல்வம் மெதுவாகத்தான் சொன்னார்.

"போன்ல கைய வெச்சதுக்கு நா ஒண்ணும் சொல்லமாட்டேங்க்கா. நாந்தான் குட்த்தேன், நல்லதுக்குதான் பண்ணீங்க. ஆனா இன்னா ஆச்சின்னு நா கேட்டேனே... தெரியலன்னீங்க பாருங்க. ரெண்டு நாளா நான் சோறு துன்ல."

கத்தியிருந்தால் தேவலை. தலை குனிந்து நின்றேன். 'மன்னிச்சுடுங்க' என்றேன். அந்த வார்த்தை எவ்வளவு சின்னது என்று சொல்லும்போதுதான் தெரிந்தது.

ஷாகிரா நோட்டைப் பார்த்துக்கொண்டே பேசினார். "சரி, அந்தப் பொண்ணு நல்லா இருக்கு. குழந்தை பால் குடிக்குது. செல்வம், உங்க பேரை நான் அடிக்கப் போறதில்ல. கலா நம்பரையும் பக்கத்துல எழுதிக்கிறேன். நீங்க வெளியூர் சவாரி போனா எங்கே போறீங்கன்னு எனக்கு ஒரு மெசேஜ் போட்டுட்டுப் போங்க. போதுமா?"

செல்வம் தலையாட்டினார். அப்பாடா என்று நான் மூச்சு விட்டேன். விட்டது தப்பு.

"அக்கா, உங்க குரூப் என்ன?" என்று ஷாகிரா என் பக்கம் திரும்பினார்.

"பி பாசிட்டிவ்."

"இதுவரைக்கும் எத்தனை தடவை கொடுத்திருக்கீங்க?"

எத்தனை தடவை? அந்த நோட்டைப் பற்றி இதே பத்தியில் புகழ்ந்து எழுதியிருக்கிறேன். ஷாகிராவைப் பாராட்டி வாசகர்கள் கடிதம் போட்டிருக்கிறார்கள். ரத்தம்? ஒரு சொட்டுக்கூடக் கொடுத்ததில்லை. ஊசி என்றால் பயம் என்று ஐம்பத்தொரு வயதில் ஒரு கடையில் நின்று எப்படிச் சொல்வது?

"எழுதிக்கோங்க" என்றேன்.

திங்கட்கிழமை செல்வமே வேனில் செங்கல்பட்டு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனார். திருக்கழுக்குன்றம் தாண்டும்போது மட்டும், "நாஸ்தா துன்னீங்களா? வெறும் வயித்துல குடுக்கக் கூடாது" என்றார். துன்னேன் என்றேன். ரத்த வங்கியில் விரல் நுனியில் ஒரு குத்து குத்திச் சோதித்த நர்ஸ் உதட்டைப் பிதுக்கினார். ஹீமோகுளோபின் பன்னிரண்டரையாவது வேண்டுமாம். எனக்குப் பதினொன்று.

"கீரை, பேரீச்சம்பழம், மாத்திரை. மூணு மாசம் கழிச்சு வாங்கம்மா."

வெளியே வந்து சொன்னேன். செல்வம் முதல் தடவையாகச் சிரித்தார். மறுநாள் காலை எங்கள் வாசல் கைப்பிடியில் ஒரு கட்டு முருங்கைக்கீரை தொங்கியது. கலாவிடம் கேட்டால், அவர்தான் யார் வீட்டு மரத்திலிருந்தோ ஒடித்து வந்தாராம்.

அந்தப் பொத்தானைத் திருப்பிப் போட எனக்கு ஒரு விநாடி ஆயிற்று... ரத்தம் கொடுத்து, செல்வம் இருக்கிற அந்த நோட்டில் நிற்கத்தான் மூன்று மாதம் ஆகுமாம்!