பதினைந்து பிளேட் பேட்டரி

“இன்னும் சாய்ச்சுப் பிடி. வயித்தால முட்டுக் குடு. கை வழுக்குனா ஆசிட்டு உன் கால்லதான் ஊத்தும்.”

காரின் முன்பக்கத்துக்குள் பேட்டரியின் ஒரு பக்கம் இறங்கிவிட்டது. மறுபக்கம் இறங்க மறுத்தது. அப்படிச் சொல்லிவிட்டு அப்துல் சுபான் மூச்சை அடக்கிக்கொண்டு இடது முழங்கையால் அழுத்தினார். எதிரே பிடித்திருந்த டிரைவர் மாதையன் பல்லைக் கடித்தான். புதிதாக அடித்த இரும்புச் சட்டம் கிறீச்சிட்டது. பிறகு மொத்தமும் சட்டென்று உள்ளே உட்கார்ந்தது. மாதையன் விரலை உருவிக்கொள்ள ஒரு நொடி தாமதித்திருந்தால் விரல் அங்கேயே தங்கியிருக்கும்.

புளி மண்டி வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார் நஞ்சப்பன். மண்டியும் அவருடையது. காரும் அவருடையது. மண்டியை ஒட்டி சுபான் பேட்டரிக் கடை வைத்திருந்த அந்த ஒற்றை அறையும் அவருடையதுதான்.

“லாரிக்குப் போடற பேட்டரியத்தான கேட்டன். என்னாத்துக்கு ரெண்டு பேரும் இந்த முக்கு முக்கறீங்க?”

“லாரிக்கு வயிறு பெருசுங்க,” என்றார் சுபான். “இது ஆட்டுக்குட்டி முதுகுல எருமைக் கன்னை ஏத்தற கதையா இருக்குது.”

“கதை நீ சொல்லாத. வேலையப் பாரு.”

அரூரில் அப்போது நாலைந்து கார்கள்தான் இருந்தன. நஞ்சப்பனின் ஹெரால்டு சேலத்தில் ஒரு டாக்டரிடமிருந்து கைமாறி வந்தது. சின்ன வண்டி. மூக்கு, விளக்கு எல்லாம் சேர்ந்து முன்பக்கம் மொத்தமும் பானட்டாகத் தூக்கிக்கொள்ளும். வந்த மாதத்திலிருந்தே காலையில் அது கிளம்பவில்லை. மண்டியில் மூட்டை தூக்குகிற ஆட்கள் நாலு பேர் வந்து தள்ளுவார்கள். பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் இருப்பவர்கள் கிளாசை வைத்துவிட்டு எழுந்து நின்று பார்ப்பார்கள். “தீர்த்தமலைத் தேரு நெல விட்டுக் கெளம்பிடுச்சுடா,” என்று ஒருவன் சொன்னது நஞ்சப்பன் காதில் விழுந்தது. அன்றைக்கே அவர் சுபானைக் கூப்பிட்டனுப்பினார்.

சுபான் பேட்டரியில் ஆசிட் அளக்கும் மானியை விட்டுப் பார்த்தார். பழுது எதுவும் இல்லை. “வண்டி ஓடறதே இல்லீங்க. வூட்டுல இருந்து மண்டிக்கு, மண்டியில இருந்து வூட்டுக்கு. அதுக்குள்ள என்னா சார்ஜு ஏறும்? வாரத்துக்கு ஒருக்கா தர்மபுரி வரைக்கும் போய்ட்டு வாங்க. இதே பேட்டரி போதும்.”

ஓடாத வண்டி வைத்திருக்கிறான் என்று தன் ஆட்கள் முன்னாலேயே சொன்னதாக நஞ்சப்பன் எடுத்துக்கொண்டார். “பதினஞ்சு பிளேட்டு லாரி பேட்டரி போடு,” என்றார். “பொருந்தாதுங்க,” என்றார் சுபான். “பொருத்து. ஆயுத பூஜைக்கு வண்டி தன்னால கெளம்பணும். இல்லன்னா ரூமைக் காலி பண்ணு. எம் மாப்பிள்ளை உரக்கடை வைக்கணும்னு நிக்கறான்.”

அந்த அறையை அவர் எப்படியும் எடுத்துக்கொள்வார் என்று சுபானுக்குத் தெரியும். சுபான் பொருத்துவதற்கு ஒப்புக்கொண்டது, பொருந்தாமல் போனது என்ற காரணம் நஞ்சப்பனுக்குக் கிடைக்கக் கூடாது என்பதற்காக.

சுபானின் அப்பா தர்மபுரியில் பாத்திரங்களுக்கு ஈயக் கலாய் பூசியவர். சுபான் பதினெட்டு வயதில் சேலத்தில் ஒரு பஸ் கம்பெனி ஷெட்டில் சேர்ந்தார். ஒன்பது வருடம் பழைய பேட்டரிகளின் மூடியை ஒட்டியிருந்த தாரை உருக்கி, பிளேட்டைக் கழற்றி, புது பிளேட் வைத்து ஈயம் ஊற்றினார். அங்கே மூத்த மிஸ்திரி பேட்டரிக்குக் காய்ச்சி வடித்த தண்ணீருக்குப் பதில் குழாய்த் தண்ணீரை ஊற்றினான். சுபான் அதை முதலாளியிடம் சொன்னார். முதலாளி மிஸ்திரியை வைத்துக்கொண்டு சுபானை அனுப்பினார். அதன் பிறகு அவர் யாரிடமும் எதையும் நேராகச் சொல்வதைக் குறைத்துக்கொண்டார். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்தெட்டில் அரூர் வந்தார். பரிதாவைக் கட்டியது அதற்கு அடுத்த வருடம். அவருடைய சட்டை எல்லாவற்றிலும் ஆசிட் பட்ட ஓட்டைகள் இருந்தன. “சலிக்கறதுக்கு ஆவும்,” என்பாள் பரிதா. பதினாலு வருடமாக அந்த ஒற்றை அறைக்கு முன்னால் பஸ்காரர்களும் லாரிக்காரர்களும் வந்து நின்றார்கள். இடம் மாறினால் வர மாட்டார்கள். கடை போனால் அவரிடம் வேறு ஒன்றும் இல்லை.

பேட்டரி உட்கார்ந்ததும் கேபிளை மாட்டுவதற்கு முன்னால் அவர் மண்டிக்குள் போய் ஒரு கை புளி எடுத்துவந்தார்.

“தின்றதுக்கா?” என்றார் நஞ்சப்பன்.

சுபான் புளியை உருண்டை பிடித்து பேட்டரியின் பிளஸ் முனைமேல் ஒட்டினார். பானட்டை மெல்ல இறக்கச் சொல்லி, மறுபடியும் தூக்கச் சொன்னார். உருண்டை அப்பளம்போலத் தட்டையாகி இருந்தது. நடுவில் ஈயம் பளபளத்தது. பேட்டரி முனைக்கும் பானட் தகட்டுக்கும் இடையில் ஒரு காகிதம் நுழையக்கூட இடமில்லை. சட்டத்தை இதற்குமேல் இறக்க முடியாது. கீழே வண்டியின் எலும்பு. வண்டியின் உடம்பு முழுக்க மைனஸ். அதை பிளஸ் முனை தொட்டால் அந்த நொடியே பற்றிக்கொள்ளும்.

முனைக்கு ரப்பரில் ஒரு தொப்பி போட்டால் போதும். கடைக்குள் ஆணியில் சைக்கிள் டியூப் துண்டுகள் தொங்கின. சுபான் அதை எடுக்கத்தான் உள்ளே போனார்.

“சீக்கிரம் வா. உங்க ஜாதகமே இதுதான். எடத்தைக் குடுத்தாப் பாயைப் போட்டுப் படுத்துக்குவீங்க,” என்று வெளியிலிருந்து நஞ்சப்பன் சொன்னார். மூட்டைக்காரர்கள் சிரித்தார்கள்.

சுபான் ஆணிவரை போன கையைத் திரும்ப எடுத்துக்கொண்டார். காலில் இருந்த டயர் செருப்பைப் பார்த்தார். இடது செருப்பைக் கழற்றி, கத்தியால் குதிகாலை அறுத்தார். நடுவில் குழி சீவினார். மேலே உருகிய தார் பூசினார். வெளியே வந்து கேபிளை மாட்டி, குதிகாலை முனைமேல் கவிழ்த்துக் கயிற்றால் கட்டினார். கறுப்பாகத்தான் இருந்தது. யாரும் உற்றுப் பார்க்கவில்லை. பானட் கொஞ்சம் அடம்பிடித்துவிட்டுச் சாத்திக்கொண்டது.

மாதையன் சாவியைத் திருப்பினான். வண்டி ஒரே உறுமலில் கிளம்பியது.

“முடியாதுன்ன,” என்றார் நஞ்சப்பன்.

“முடியாதுன்னு சொல்லலீங்க. பொருந்தாதுன்னன்.”

அந்த ரப்பரை எடுக்கக் கூடாது என்று மாதையனிடம் அவர் சொல்லவில்லை. சொன்னால் எந்த ரப்பர் என்று குனிந்து பார்ப்பான். நாலு நாள் நஞ்சப்பன் கடைத்தெருவில் ஹாரன் அடித்துக்கொண்டு போய்வந்தார். சுபான் குதிகால் இல்லாத அந்தச் செருப்பையே மாட்டிக்கொண்டு திரிந்தார். வெறும் குதிகால் மண்ணில் படும்போதெல்லாம் நஞ்சப்பன் தன் செருப்பைச் சுமந்துகொண்டு ஊரைச் சுற்றுவது ஞாபகம் வந்தது. அது அவருக்குப் பிடித்திருந்தது. பரிதாவிடம்கூடச் சொன்னார். அவள் சிரிக்கவில்லை. “டியூபு இல்லியா கடையில?” என்று மட்டும் கேட்டாள்.

ஆயுத பூஜை அன்று காலையில் மண்டி வாசலில் தண்ணீர் தெளித்துக் கோலம் போட்டிருந்தது. தராசுக்கும் எடைக்கற்களுக்கும் பொட்டு வைத்தாகிவிட்டது. பத்தடி தள்ளித் தன் கடை வாசலில் சுபான் ஒரு பேட்டரிக்குத் தார் ஊற்றிக்கொண்டிருந்தார். மாதையன் ஹெரால்டின் பானட்டை முழுக்கத் தூக்கி நிறுத்திவிட்டு, சோப்புத் துணியால் ஒவ்வொன்றாகத் துடைத்தான். பேட்டரிமேல் துணி போனபோது தார் உரிந்து வந்தது. அவன் கயிற்றை அவிழ்த்து, கையில் எடுத்துப் புரட்டினான். குதிகால் வளைவும் இரண்டு ஆணித் தலையும் தெரிந்தன.

நஞ்சப்பனின் மனைவி செல்லம்மாள் தாம்பாளத்தோடு நின்றிருந்தாள். அவள்தான் முதலில் கண்டாள். “என்னாது அது? செருப்பா? சாமி கும்புடற எடத்துல? தூக்கி வீசு. தண்ணிய ஊத்திக் கழுவு.”

“எவன் வச்சது?” என்றார் நஞ்சப்பன்.

மாதையன் நிமிர்ந்து சுபானைப் பார்த்தான். பிறகு கையில் இருந்ததைச் சாக்கடையில் எறிந்தான். “சேலத்துலயே இருந்திருக்கும்ங்க. டாக்டரு வூட்டு டிரைவரு வச்சதா இருக்கும்.”

சுபான் தார்ச் சட்டியை இறக்கி வைத்தார். ஆணியிலிருந்து டியூப் துண்டை எடுத்துக் கைக்குள் மடக்கிக்கொண்டு நடந்தார்.

“என்னா பாயி? பொரிக்கா?” என்றார் நஞ்சப்பன். “முடியட்டும். குடுத்து வுடறன்.”

“பேட்டரியில ஒரு சின்ன வேலை பாக்கி இருக்குதுங்க.”

“கழுவி, பொட்டு வச்சாச்சு. இனிமே ஒரு கை படக் கூடாது.”

“அப்ப பானட்ட சாத்தாதீங்க. நான் அப்பறமா வர்றன்.”

நஞ்சப்பன் அவர் பக்கம் முழுசாகத் திரும்பினார். “என் வண்டிய நான் சாத்தறதுக்கு உன் உத்தரவு வேணுமா? ஏன் சாத்தக் கூடாது? சொல்லு.”

முனை பானட்டைத் தொடும் என்று சொல்லலாம். நாலு நாளாக ஏன் தொடவில்லை என்று கேட்பார். அங்கே ஒரு ரப்பர் இருந்தது. எந்த ரப்பர்? செல்லம்மாள் தாம்பாளத்தோடு பார்த்துக்கொண்டிருந்தாள். மூட்டைக்காரர்களும் பார்த்தார்கள். எடுத்து எறிந்தது தன்னுடைய செருப்பு என்று அந்த இடத்தில் சொன்னால் அறை அன்றைக்கே போகும்.

“சும்மா சொன்னங்க,” என்றார் சுபான்.

“சும்மா சொன்னானாம். மாதையா, சாத்து.”

மாதையன் தயங்கினான். சுபானின் முகத்தைப் பார்த்தான். சுபான் தரையைப் பார்த்தார். பானட் இறங்கியது. நஞ்சப்பன் தாமே வந்து இரண்டு கையாலும் அழுத்தினார்.

முதலில் சர்ரென்று ஒரு சத்தம். பானட்டின் விளிம்பில் நீலமாக வெளிச்சம் ஓடியது. பிறகு புகை. நஞ்சப்பன் பின்னால் கிடந்த நாற்காலியில் சாய்ந்து அதோடு விழுந்தார். மாதையன் பானட்டைத் தூக்க இழுத்தான். முனை தகட்டோடு ஒட்டிக்கொண்டிருந்தது. மூட்டைக்காரர்கள் வந்து நாலு பேராகப் பிடுங்கித் தூக்கினார்கள். பேட்டரியின் தார் தீப்பிடித்து ஒழுகியது. கேபிள் காய்ச்சிய இரும்புக் கம்பிபோலச் சிவந்திருந்தது. மாதையன் அதை வெறுங்கையால் பிடித்து இழுத்தான். உள்ளங்கைத் தோல் அதிலேயே நின்றுவிட்டது.

சுபான் கடைக்குப் போய்க் கட்டிங் பிளேயரோடு திரும்பி வந்தபோது அவன் கத்தி முடித்திருந்தான். பத்தடி தூரம். சட்டென்று ஓடியிருந்தால் முன்னாலேயே வந்திருக்கலாம். அவர் கேபிளைத் துண்டித்தார். புளிச் சாக்கை நனைத்துப் போட்டுத் தீயை அமுக்கினார். வயர்களும் தண்ணீர்க் குழாயும் கருகிப்போயிருந்தன. பானட் பெயின்ட் கொப்புளித்திருந்தது. மாதையனின் கையைச் செல்லம்மாள் பூஜைக் குடத்துத் தண்ணீரில் முக்கினாள்.

நஞ்சப்பன் எழுந்து வேட்டியை உதறிக் கட்டினார். அவர் முட்டாள் இல்லை. சாக்கடை ஓரத்துக்குப் போய், கரித்துண்டுபோலக் கிடந்த ரப்பரைத் தாமே குனிந்து எடுத்தார். எல்லோரும் பார்க்க அதைக் கொண்டுவந்து சுபானின் எதிரில் நின்றார்.

“காலைத் தூக்கு.”

சுபான் இடது காலைத் தூக்கினார். நஞ்சப்பன் ரப்பர் துண்டைச் செருப்பில் அறுத்த இடத்தில் வைத்துப் பார்த்தார். சரியாகப் பொருந்தியது.

“கடையில டியூபு இல்லியா?”

“இருந்துச்சுங்க.”

“அப்பறம்?”

சுபான் காலை இறக்கினார். மாதையன் குடத்துக்குள் கையை வைத்துக்கொண்டு அவரையே பார்த்தான்.

“என் மேல இருக்கற கோவத்துக்கு அவன் கைய வாங்கிட்ட,” என்றார் நஞ்சப்பன். “நாளைக்குப் பலகை எடுக்காத.”

மறுநாள் சுபான் பலகைகளை எடுத்துக் கடையைத் திறக்கவில்லை. காலையில் அரசாங்க ஆஸ்பத்திரிக்குப் போனார். மாதையனின் மனைவி கட்டில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். மாதையன் தூங்கிக்கொண்டிருந்தான். கை முழங்கைவரை கட்டியிருந்தது. சுபான் கொண்டுபோன ரொட்டியை ஜன்னலில் வைத்துவிட்டு வந்தார். ஒன்பது மணிக்கு ஹெரால்டை இரண்டு மாடு கட்டி மண்டிக் கொட்டகைக்கு இழுத்துப் போனார்கள். பத்து மணிக்கு நஞ்சப்பனின் மாப்பிள்ளை வந்து அறையை அளந்தான். பதினொரு மணிக்கு ஆசிட் ஜாடிகளையும் ஈயச் சட்டியையும் பரிதாவும் அவரும் ஒரு மாட்டு வண்டியில் ஏற்றினார்கள். பதினைந்து பிளேட் பேட்டரி மண்டி வாசலில் கிடந்தது. சுபான் மானி விட்டுப் பார்த்தார். பேட்டரிக்குள் இருந்த ஆறு அறையில் ஐந்து நன்றாக இருந்தன. அதை அங்கேயே விட்டுவிட்டார். மத்தியான பஸ்ஸில் கடத்தூர் போய் ஒரு இடம் கேட்டார். ஆசிட் வைக்கிற தொழிலுக்குத் தருவதில்லை என்றார்கள். அங்கிருந்து பொம்மிடி போனார்; ஸ்டேஷன் பக்கம் ஒரு கொட்டகை இருக்கிறது, யோசித்துச் சொல்கிறோம் என்றார்கள். சாயந்திரம் தூறல் போட்டது. ஏழு மணிக்கு அவர் வீட்டுக்கு வந்தார்.