விதியில் இடமில்லை

செல்லமுத்து என்ற மனிதர் செத்துப்போனதற்கு நான் காரணம்.

இதைச் சுற்றி வளைத்துச் சொல்லவும் எனக்குத் தெரியும். அரசு அலுவலகம் ஒன்றின் கொள்முதல் பிரிவில் தலை நரைத்தவன் நான். 'காரணமாக இருந்திருக்கக்கூடும் எனக் கருத இடமுண்டு' என்று எழுதிக் கோப்பை அடுத்த மேசைக்குத் தள்ளியிருப்பேன். உங்களிடம் அப்படிச் செய்யப்போவதில்லை. அவர் என்னிடம் உதவி கேட்டார். என்னை ஏமாற்றப் பார்க்கிறார் என்று நினைத்தேன். அந்தக் கோபத்தில் ஒரு பதில் சொன்னேன். அதை அவர் நம்பிவிட்டார்.

அதைவிடக் கேவலமான ஒன்று பிறகு வருகிறது... வரிசையாகவே சொல்கிறேன். வரிசை தவறினால் எனக்கு எழுத வராது.

ஓய்வு பெற்றதும் மற்றவர்கள் நடைப்பயிற்சிக்குப் போனார்கள். நான் கிட்டார் வாங்கினேன். கல்லூரி நாளில் ஒரு மெல்லிசைக் குழுவில் வாசித்துக்கொண்டிருந்தவன். வேலை கிடைத்ததும் விட்டுவிட்டேன். இப்போது அதற்கு ஓர் ஆம்ப்ளிபயர் வேண்டும். கடையில் விற்பது ஆகாது. வெளிநாட்டில் சின்னப் பட்டறைகளில் ஒற்றை ஆளாக உட்கார்ந்து கையால் செய்கிறார்களே, வால்வு ஆம்ப்ளிபயர், அதைப்போல ஒன்றை நானே செய்யவேண்டும்! வால்வு என்றால், அந்தக் காலத்து ரேடியோவுக்குள் ஆரஞ்சு நிறத்தில் கனன்றுகொண்டிருக்குமே, அந்தக் கண்ணாடிக் குழல். அழுத்தி வாசித்தால் அதன் ஒலி ஓரத்தில் லேசாகக் கிழியும். அந்தக் கிழிசலுக்காகத்தான் இவ்வளவு பாடும்.

வரைபடம் இணையத்தில் கிடைத்தது. பாகங்கள் கிடைக்கவேண்டுமே! திருப்பூரில் ஒரு கடைக்குள் போய் வால்வு வேண்டும் என்று கேட்டுப் பாருங்கள்.

"எத்தன இஞ்சுங்க? பாய்லருக்குங்களா, கம்ப்ரஸருக்குங்களா?"

"கண்ணாடி வால்வுங்க. பாட்டுப் பெட்டிக்கு."

கடைக்காரர் பக்கத்தில் நின்றவரைப் பார்த்தார். "சாயப்பட்டறைல எதாச்சும் புது மெஷின் எறங்கியிருக்குமாட்ட இருக்குது" என்றார் அவர்.

தகட்டுப் பெட்டியை முதலிபாளையம் தொழிற்பேட்டையில் ஒருவரிடம் வளைத்து வாங்கினேன். ஸ்பீக்கருக்கு முன்னால் இழுத்துக் கட்டும் துணிக்கு மட்டும் அலையவில்லை. விளையாட்டுச் சட்டை தைக்கிற கம்பெனியில், ஏற்றுமதியில் கழித்த, வலைபோன்ற ஓட்டைத் துணி மூட்டை மூட்டையாகக் கிடந்தது. கெப்பாசிட்டருக்கு மூன்று கடைகளில் விலைப்புள்ளி கேட்டேன். சுண்டுவிரல் அளவுப் பொருளுக்கு மூன்று விலைப்புள்ளி!

"ஏனுங்க, பேப்பர்ல டெண்டர் குடுக்கலீங்களா?" என்று என் மனைவி சிரித்தாள்.

நான் சிரிக்கவில்லை. என்னை யாரும் ஏமாற்றிவிடக் கூடாது. எனக்கு இருந்த ஒரே கொள்கை அதுதான்.

கிடைக்காமல் நின்றவை இரண்டு. கடைசிக் கட்டத்துக்கான ஒரு ஜோடி வால்வு, அதற்குப் பொருந்தும் டிரான்ஸ்பார்மர். அப்போதுதான் செல்லமுத்து நினைவுக்கு வந்தார்.

அருள்புரத்தில் மைக் செட் வைத்திருந்தவர். எங்கள் வீட்டு விசேஷங்களுக்கெல்லாம் அவர்தான் குழாய் ஸ்பீக்கர் கட்டுவார். என்னைவிட இளையவர், எப்போதும் வாயில் ஒரு கேலி. அவருடைய குடோனில், கிழிந்த பந்தல் துணிக்கடியில், பழைய வால்வு ஆம்ப்ளிபயர் ஒன்று கிடந்தது.

"ஏனுங்ண்ணா, இந்தப் பல்புக்கா ஊரெல்லாம் சுத்துனீங்க?"

"பல்பு இல்லைங்க, வால்வு."

"உங்களுக்கு வால்வு. எனக்குப் பல்புதானுங்க. இந்தப் பல்பு எரிஞ்சாத்தான் எங்கூரு மாரியாத்தாளே கண்ணு முழிப்பா!"

இரண்டையும் கழற்றி, டிரான்ஸ்பார்மரையும் பிடுங்கி, என் கையில் கொடுத்தார். விலை கேட்டேன்.

"எடுத்துட்டுப் போங்ண்ணா. இங்க எலி குடும்பம் நடத்திக்கிட்டு இருக்குது. அதுக்கு வாடகையா வாங்கறேன்?"

எவ்வளவு சொல்லியும் காசு வாங்கவில்லை. என் சந்தேகம் அங்கேதான் பிறந்தது. நீங்களாக இருந்தால் நன்றி சொல்லிவிட்டு மகிழ்ச்சியோடு வீட்டுக்குப் போயிருப்பீர்கள். நான் வழியெல்லாம் யோசித்துக்கொண்டே போனேன். கொள்முதல் பிரிவில் இலவசமாக வரும் மாதிரிப் பொருளுக்குப் பின்னால் ஓர் ஆள் கட்டாயம் வருவான். இவர் எப்போது வருவார்? எதற்கு வருவார்?

சில நாட்களில் கோயம்புத்தூர் கடைக்காரர் ஒருவருக்கு அந்த வால்வுகளின் படத்தை அனுப்பினேன். உடனே அழைத்தார். "சார், இதெல்லாம் இப்பக் கெடைக்காதுங்க. தேடி அலையறாங்க. குடுத்தர்றீங்களா?"

அவ்வளவுதான்... செல்லமுத்துவுக்கும் ஒரு நாள் இது தெரியவரும். தெரிந்தால் திரும்பக் கேட்பார். நிச்சயம் கேட்பார்! அன்றிலிருந்து அவர் கேட்பதற்காகக் காத்திருந்தேன். சொல்லவேண்டிய பதிலைக்கூடத் தயாராக வைத்திருந்தேன்.

ஒரு நாள் முற்பகலில் அவர் வீட்டு வாசலில் வந்து நின்றார். நான் பின்னறையில் ஆம்ப்ளிபயரின் கம்பிகளைப் பற்றவைத்துக்கொண்டிருந்தேன். இல்லையென்று சொல் என்று மனைவிக்குக் கையசைத்தேன். பொய் சொல்லிப் பழகாதவள், சொன்னாள்.

"செரிங்க அண்ணி. எனக்குக் கொஞ்சம் ஒடம்பு செரியில்லீங்க. அண்ணன்கிட்ட ஒரு யோசனை கேக்கோணும். வந்தாச் சொல்லுங்க" என்ற குரல் கதவுக்குப் பின்னால் நின்ற என் காதில் விழுந்தது.

"பாவங்க, நெத்தியெல்லாம் வேர்த்து நிக்கறாரு" என்றாள் மனைவி, உள்ளே வந்து.

"வெயில் அப்படி" என்றேன். "கொடுத்ததைத் திரும்பக் கேட்க வர்றவங்க முதல்ல உடம்பைத்தான் சொல்லுவாங்க."

பிறகு அவருடைய அழைப்புகளை எடுக்கவில்லை. ஒருமுறை வேறோர் எண்ணிலிருந்து அழைத்தார், எடுத்துவிட்டேன்.

"அண்ணா... செல்லமுத்துங்க. அண்ணிகிட்டச் சொல்லிட்டு வந்தேன். அதானுங்க, இந்த வால்வு சமாச்சாரம்."

வந்துவிட்டது! எனக்குள் ஏதோ வென்றுவிட்டதுபோல ஒரு குதூகலம். நான் நினைத்தது சரி!

"சொல்லுங்க."

"கோயமுத்தூர்ல பெரிய எடத்துல காட்டுனேனுங்க. லீக் ஆகுதாமா. புதுசு போட்டே ஆகோணும்ங்கறாங்க. அதுக்கு எதாச்சும் வழி பண்ண முடியுங்களா? உங்களுக்குத்தான் ரூல்ஸெல்லாம் அத்துபடி..."

இடையிடையே மூச்சு வாங்கியது. காசு ஆசை பிடித்தால் எல்லோருக்கும் மூச்சு வாங்கும் என்று நினைத்தேன். 'ரூல்ஸ்' என்றது என்னைக் குத்திக்காட்டத்தான் என்று நினைத்தேன். தயாராக வைத்திருந்ததைச் சொன்னேன்.

"விதியில இடமில்லை, செல்லமுத்து."

"வழியே இல்லீங்களா அண்ணா?"

"இல்லை. நீங்க யாரைப் போய்க் கேட்டாலும் இதைத்தான் சொல்லுவாங்க."

"செரிங்ண்ணா" என்றார். "நீங்களே சொன்னப்புறம் செரிதானுங்க. வெச்சர்றேன்."

"யாருங்க?" என்றாள் மனைவி.

"செல்லமுத்து. வால்வைத் திரும்பக் கேக்கறார். முடியாதுன்னுட்டேன்."

அன்று நான் நிம்மதியாகச் சாப்பிட்டேன்.

உங்களுக்கு இந்நேரம் புரிந்திருக்கும். எனக்குப் புரிய அவர் சாகவேண்டியிருந்தது.

சில மாதங்கள் கழித்துச் செய்தி வந்தது. மனைவியும் நானும் போனோம். மைக் செட்காரர் வீட்டுத் துக்கத்தில் யாரோ ஒருவரின் மைக் செட் பாடிக்கொண்டிருந்தது. அவர் மனைவி சரஸ்வதி என்னைப் பார்த்ததும் எழுந்து வந்தார்.

"நெஞ்சுல வால்வு லீக்குங்ண்ணா. அரசாங்கக் காப்பீட்டு அட்டைல மாத்திக்கலாம்னு எவனோ சொன்னான். இவருதான், 'எவனெவனோ சொல்றதக் கேட்டு ஆடக்கூடாது, அண்ணன் ரூல்ஸ் புஸ்தகமாச்சே, அவரைக் கேப்போம்'னாரு. விதியில எடமில்லைன்னு நீங்க சொன்னீங்களாமா. அப்பறம் ஒருத்தரையும் கேக்கலீங்க."

சொல்லிக்கொண்டே இன்னும் கிட்டே வந்தார்.

"நீங்களாச்சும் உள்ளதச் சொன்னீங்க" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். "மத்தவனா இருந்தா, வா, நாளைக்கு வான்னு நடக்க வெச்சே கொன்னிருப்பான்."

நன்றி சொன்னார்... எனக்கு நன்றி சொன்னார்!

இடம் இருந்தது. அட்டையை வைத்துக்கொண்டு எந்த வரிசையில் நிற்கவேண்டும், எந்தச் சான்றை யாரிடம் வாங்கவேண்டும், எந்த மேசையில் தாமதமானால் யாருக்குப் பேசவேண்டும், எல்லாம் எனக்குத் தெரியும். சில நாள் வேலை. நான் இருக்கிறேன் என்றுதான் அவர் என் வாசலுக்கு வந்தார்.

அந்த இடத்தில், அந்தக் கையை விடுவித்துக்கொண்டு, 'அம்மா, நான் வேறு எதையோ நினைத்துச் சொன்னேன்' என்று சொல்லியிருக்கவேண்டும். ஏன் சொல்லவில்லை? துக்க வீடு என்பதாலா? அப்படி எனக்கு நானே சொல்லிப் பார்த்தேன், நிற்கவில்லை. அவர்கள் கண்ணில் நான் கறாரான மனிதன், உள்ளதைச் சொல்பவன். உண்மையைச் சொன்னால், கொடுத்தவனையே திருடனாக நினைத்த அற்பன். இரண்டில் எதை வைத்துக்கொள்வது? நான் முதலாவதை வைத்துக்கொண்டேன். கேவலமான ஒன்று வருகிறது என்றேனே, அது இதுதான்.

திரும்பும் வழியில் மனைவி கேட்டாள். "அன்னைக்கு அவரு போன்ல கேட்டது இதைத்தானுங்களா?"

"எனக்குத் தெரியாது."

அதற்குமேல் அவள் கேட்கவில்லை. இன்றுவரை கேட்கவில்லை.

தெரியாதா? யோசித்துப் பாருங்கள். செல்லமுத்து ஒரு நாளாவது அந்தக் கண்ணாடிக் குழலை வால்வு என்று சொல்லியிருக்கிறாரா? நான் திருத்தியும் பல்பு, பல்பு என்றே சொன்ன மனிதர். அவர் வாயிலிருந்து 'வால்வு' என்று வந்தபோதே எனக்கு உறுத்தியிருக்கவேண்டும். கொள்முதல் ஆணையில் ஓர் எழுத்து மாறியிருந்தாலும் பிடித்துவிடுகிற ஆள் நான்! உடம்பு சரியில்லை என்றதைக் காதாரக் கேட்டேன். மூச்சு வாங்கியதைக் கேட்டேன். 'எந்த வால்வு?' என்று இரண்டு சொல் கேட்டிருந்தால் போதும். ஏன் கேட்கவில்லை? கேட்டால் என் சந்தேகம் பொய்யாகிவிடும் என்று எனக்குள் ஏதோ ஒன்று அறிந்திருந்ததா? ... இந்தக் கேள்வியை நான் எத்தனை பக்கம் திருப்பினாலும் பதில் என் பக்கம் வருவதில்லை.

ஆம்ப்ளிபயரை முடித்தேன். அது ஊமையாகிவிட்டது என்று நான் சொல்லவேண்டும் என எதிர்பார்ப்பீர்கள். இல்லை. அருமையாகப் பாடுகிறது! நான் கேட்ட ஒலி, நான் விரும்பிய அதே கிழிசல். நான் அதைத் தொடுகிறேன், வாசிக்கிறேன். அதையும் சொல்லிவிடவேண்டும் அல்லவா?

போன மாதம் சரஸ்வதி வீட்டுக்கு வந்தார். கூடவே அவருடைய தம்பி. முதலிபாளையத்தில் ஒரு பனியன் கம்பெனியில் டெய்லர். அவருக்கும் நெஞ்சில் அதே கோளாறு. உதவி கேட்டு வந்திருக்கிறார்கள் என்று நினைத்தேன். அப்படியில்லை.

"இவன் அட்டையத் தூக்கிக்கிட்டு ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாத் திரியறானுங்க. எடமில்லைன்னு நான் சொன்னா நம்ப மாட்டீங்கறான். நீங்களே ஒரு வார்த்த சொல்லிருங்ண்ணா. அப்பத்தான் அடங்குவான்."

தம்பி என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கும் நெற்றியில் வேர்வை. நான் சொல்லப்போவதுதான் தீர்ப்பு என்று இருவரும் உட்கார்ந்திருந்தார்கள்.

இதோ, உண்மையைச் சொல்ல வாசல் திறந்து கிடந்தது. வீட்டுக்கே வந்து திறந்துவிட்டிருந்தார்கள்.

"இடமிருக்கும்மா" என்றேன். "நானே கூட வர்றேன். எல்லாம் முடிச்சுத் தர்றேன்."

சரஸ்வதி என்னை ஏறிட்டுப் பார்த்தார். "அவருக்கு இல்லைன்னீங்களே..."

"அப்ப இல்லை. இப்ப விதியை மாத்திட்டாங்க."

அப்படித்தான் சொன்னேன். யோசிக்கக்கூட இல்லை, கொட்டாவிபோல வந்தது. சொன்னபடி தம்பியோடு போனேன். எல்லா மேசைகளிலும் நின்றேன். அறுவைச் சிகிச்சை முடிந்து அவர் நன்றாக இருக்கிறார். இதை என் பெயரில் வரவு வைத்துவிடாதீர்கள். அவருக்காக நின்ற மேசைகள் ஒவ்வொன்றிலும், இது எவ்வளவு சுலபம் என்பதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஆனால் அன்று, நான் அந்தப் பொய்யைச் சொன்னதும், சரஸ்வதி சேலைத் தலைப்பை விரலில் சுற்றிக்கொண்டிருந்தார். என் மனைவி காபியோடு வந்து நின்றிருந்தாள்.

"எப்பங்ண்ணா மாத்துனாங்க?"

"இப்பத்தாம்மா."

"கொஞ்சம் முந்தி மாத்தியிருந்தா அவுங்களுக்கு என்னங்க கொறைஞ்சு போயிருக்கும்?" குரல் உயரவில்லை. "எவனோ ஒருத்தன் உக்காந்துக்கிட்டு, இவனுக்கு எடமிருக்குது, இவனுக்கு எடமில்லைன்னு சொல்றானே... அவன் நல்லா இருப்பானுங்களா அண்ணா?"

என் மனைவி தம்ளரை என் முன்னால் வைத்தாள். என்னைப் பார்க்கவில்லை.

"இருக்க மாட்டான்மா" என்றேன்.